வெள்ளைச் சேலைக்கு ஒரு சாட்சி

அத்தியாயம் பதினொன்று

"ஆச்சு சாமி."

இந்த இரண்டே வார்த்தையில்தான் போன வாரம் ஒரு கலியாண வீடு இழவு வீடு மாதிரி ஆகிப்போனது. சொன்னவர் சவேரியார்பட்டி உபதேசியார் சந்தியாகு. கேட்டவர் புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமி. பக்கத்தில் நின்று, கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டவள் அன்னத்தாய். உபதேசியாரின் ஒரே மகன் அருளப்பனுடைய விதவை.

மகன் போன பிறகு மருமகளை மகளாக வைத்திருந்து, தாமே அலைந்து மாப்பிள்ளை தேடி, உத்தமபாளையம் பஜாரில் தையல்கடை வைத்திருக்கும் ஞானதுரைக்குப் பேசி முடித்திருந்தார் உபதேசியார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாமி ஒரு கேள்வி கேட்டார்.

"முதல் கலியாணம் பூசையோடு நடந்ததா? மணப்பெண்ணுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் ஆயிற்றா?"

அந்த ஆசீர்வாதம் ஒரு பெண்ணுக்கு ஆயுசில் ஒரே தரம். வாங்கிவிட்டவள் விதவையானால் மறுபடி கட்டிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் பூசை நடுவே அந்த ஆசீர்வாதம் கிடையாது. அது கிடையாதென்றால் அந்த ஊர் வழக்கப்படி ஜரிகைக்கரை வெள்ளைச் சேலை இல்லை, தலைக்கு வலை முக்காடு இல்லை, பூமுடி இல்லை. விடியும் முன்னே ஓரமாக வந்து தாலியை மந்திரித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பூசை ஒன்று கண்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

உபதேசியார் "ஆச்சு" என்றுவிட்டார்.

மாப்பிள்ளையின் தாயார் சூசையம்மாள் வெற்றிலைப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "எம் மகனுக்கு இது முதக் கலியாணம். இருட்டுல வந்து கட்டிட்டுப் போக அவன் என்ன களவாணியா? முக்காடு இல்லேன்னா நான் கோயில் வாசப்படி மிதிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

திங்கட்கிழமை கலியாணம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாவது ஓலை, அதாவது கலியாண அறிவிப்பு, வாசித்தாக வேண்டும். அந்த வாரமே விபூதிப் புதன் வந்துவிடும். அப்புறம் தபசுகாலம்; பாஸ்கா பண்டிகை வரைக்கும் கலியாணப் பேச்சே எடுக்கக்கூடாது.

இன்றைக்குச் சனிக்கிழமை.

ஐந்து வருஷமாக வெள்ளையைத் தவிர வேறு நிறமே கட்டாதவளுக்கு, இன்னும் ஒரு நாள் வெள்ளை கட்டச் சாமியாரின் உத்தரவு வேண்டியிருந்தது. கரையில்லாத வெள்ளையை உலகம் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கரை போட்ட வெள்ளைக்குத்தான் சாட்சி கேட்கிறது.

*

காலையில் உபதேசியார் நிருபம் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

பூசை லத்தீனில். சாமி பீடத்தைப் பார்த்து வாசிப்பது சனங்களுக்குப் புரியாது. அதனால் கிராதித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அர்ச். சின்னப்பர், அதாவது பவுல், எபேசியருக்கு எழுதின நிருபத்தை உபதேசியார் தமிழில் உரக்க வாசிப்பார். அந்தப் பங்கில் முப்பது வருஷமாக எந்தக் கலியாணமும் அவர் குரல் இல்லாமல் நடந்ததில்லை. மகனுடைய விதவையின் கலியாணத்துக்காவது வேறு ஆளை வாசிக்கச் சொல்லலாம் என்றால், மிச்சம் இருப்பவர் கோயில்பிள்ளை ஒருவர். அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். அவர் எபேசுக்குப் போய்ச் சேருவதற்குள் பெண்ணுக்குப் பேறுகாலமே வந்துவிடும்.

"புருசன்மார்களேங்கற எடத்துல ஏன் தொண்ட அடைக்குது?" என்றாள் கட்டிலிலிருந்து மிக்கேலம்மாள், அவர் மனைவி. கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து கட்டில்தான் அவளுக்கு ஊர்.

"சளி."

"மனைவிமார்களேங்கறப்ப மட்டும் கணீர்னு வருதே. அது என்ன சளி?"

உபதேசியார் இருமிக் காட்டினார். அவள் நம்பவில்லை.

அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள் புளி இரவல் கேட்டு வந்தாள். கேட்டது புளிதான், வந்தது கதைக்கு. மொச்சை உரித்துக்கொண்டிருந்த அன்னத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கைநிறைய அள்ளிக்கொண்டாள்.

"மிக்கேலக்கா, இந்தப் புள்ளைக்கு மொதக் கலியாணம் மலையில நடந்துச்சாம்ல. தொரையெல்லாம் வந்தாராம்ல?"

"வந்தாரா? தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, பூச முடியற மட்டும் நின்ன நெலையில நின்னாராம்." மிக்கேலம்மாள் தலையணையைத் தள்ளிச் சாய்ந்துகொண்டாள். "ஆறு மெழுகுதிரி. ஒவ்வொண்ணும் கைப்பருமன். எம் மகன் முழந்தா படியிட்டு, இவ பக்கத்துல படியிட்டு, ரெண்டு பேரு தலைக்கும் மேல ஒரே வலையப் போட்டு ஆசீர்வாதம் சொன்னாகளாம். சொல்லி முடிக்கவும் மணி அடிச்சுச்சாம். நாந்தான் பாக்கக் குடுத்து வக்கல. இவுக பாத்தாக."

"எங்க கலியாணத்துல ரெண்டு தீவட்டி. அதுலயும் ஒண்ணு அணைஞ்சு போச்சு" என்றாள் பாண்டியம்மாள்.

"ஏத்தா அன்னம், தொரைசானி ஒனக்கு என்ன குடுத்தா?" என்றாள் மிக்கேலம்மாள்.

அன்னத்தாய் மொச்சையிலிருந்து தலை எடுக்கவில்லை. "ரோசாப்பூ அத்தே."

உபதேசியார் நிருபத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போனார்.

ஏனென்றால் அந்த மலையில் பூசையே நடக்கவில்லை.

அருளப்பன் குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தான். லீவு கொடுக்கவில்லை. பெண்ணை மேலே கூட்டிக்கொண்டு போய்க் கலியாணத்தை நடத்துவதாக ஏற்பாடு. மிக்கேலம்மாள் படுக்கையில். போனது உபதேசியார், அன்னத்தாய், அவளுடைய தாயார் மூன்று பேர். திரும்பி வந்தவரிடம் கட்டிலில் கிடந்தவள் கேட்டாள், "நல்லா நடந்துச்சா?" அவளுடைய முகத்தைப் பார்த்தார் உபதேசியார். "ரெண்டு மெழுகுதிரி ஏத்தி, பூச வச்சு, பிரமாதமா நடந்துச்சு" என்றார்.

வாராவாரம் ஒரு பொய்யை வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்று தொடர்கதை எழுதுகிறவனைக் கேட்டால் தெரியும். உபதேசியாருக்குச் சிரமமே இருக்கவில்லை. அவள் கேட்டாள், அவர் கொடுத்தார். இரண்டு மெழுகுதிரி நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. மணி வந்தது, துரை வந்தார், துரைசானி வந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அருளப்பன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அங்கேயே புதைத்தார்கள். வேலைக்கென்று மலையேறின மகனை மிக்கேலம்மாள் அப்புறம் பார்க்கவே இல்லை. அந்தக் கலியாணம் மட்டும்தான் அவளிடம் இருந்தது.

அன்னத்தாயின் தாயாரும் செத்துப்போனாள். நடந்ததை அறிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

*

பத்து மணிக்கு மாமனாரும் மருமகளும் உத்தமபாளையம் போனார்கள். வெள்ளை இல்லையென்று ஆகிவிட்டது. கலியாணத்துக்கு ஏதாவது ஒரு கலர்ச் சேலை எடுக்கவேண்டும். துணிக்கடையில் அரக்கு நிறத்தில் ஒன்றை அன்னத்தாய் காட்டினாள். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இது போதும் மாமா" என்றாள். கடைக்காரரே, "இன்னும் நாலு பாரும்மா" என்று கெஞ்சும்படி இருந்தது.

அங்கிருந்து ஞானதுரையின் கடை. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, "வாங்க மாமா" என்றான். அன்னத்தாய்க்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"ஒங்கம்மா என்னப்பா சொல்லுது?"

"வரலேங்குது. நாளைக்குள்ள சமாதானம் பண்ணிருவேன். இல்லேன்னா தூக்கிட்டு வந்துருவேன். எனக்கு முக்காடும் வேணாம், முடியும் வேணாம் மாமா. இது வந்தாப் போதும்." 'இது' என்ற இடத்தில் கத்தரிக்கோலைப் பார்த்தான்.

அரக்குச் சேலையை வாங்கிப் பார்த்தான். "இதுக்குத் தோதா சாக்கெட்டுத் துணி இருக்கு. சாயந்தரமே தச்சுர்றேன். வெள்ளையில ஒண்ணு முன்னாடியே முடிச்சு வச்சுட்டேன். அது கெடக்கட்டும்."

எடுத்துக் காட்டினான். கையோரத்தில் சன்னமாகப் பூவேலை. மெஷினில் போட்டதல்ல, கையால் போட்டது.

உபதேசியாருக்கு வேறொன்று உறைத்தது. "அளவு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல மாமா. கோயில்ல பாத்த அளவுதான்."

"கோயில்ல நீ பீடத்தப் பாக்குறதில்லயா?"

"பீடத்துக்கு யாரும் சாக்கெட்டு தைக்கச் சொல்லலயே மாமா."

ஐந்து வருஷத்தில் அன்னத்தாய் சத்தம் போட்டுச் சிரித்து உபதேசியார் அன்றைக்குத்தான் கேட்டார். ஒரு விநாடிதான். அதற்குள் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானதுரை வெள்ளைச் சட்டையை மடித்து, மெஷின் பெட்டிக்குள் வைத்து மூடினான். மூடும்போது அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை உபதேசியார் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் நடந்தார்கள். அறுப்புக்கு நிற்கும் நெல். தண்ணீர்ச் சத்தம்.

"ஒனக்கு அந்த முக்காட்டு மேல ஆச இருக்காத்தா?"

மடை தாண்டினார்கள். சேலைப் பொட்டலத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"இல்லேன்னு சொன்னா அது பொய்யி மாமா. அன்னைக்கும் கட்டல. இன்னைக்கும் இல்ல. ஒரு தடவ கட்டிப் பாக்கணும்னுதான் இருக்கு." பிறகு அவசரமாக, "ஆனா நீங்க சாமிகிட்டப் போயி எதையும் சொல்ல வேணாம். அத்தைக்கு வேற என்ன இருக்கு" என்றாள்.

"ஒனக்கு மட்டும் என்ன இருக்கு?"

ஊர் வந்துவிட்டது. "நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு உபதேசியார் சாமி பங்களாப் பக்கம் திரும்பினார்.

*

"தோத்திரம் சாமி."

சாமி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இராது. சட்டமெல்லாம் புதுசாகப் படித்துவிட்டு வந்தவர். ஒன்றைக்கூட இன்னும் மறந்திருக்கவில்லை.

"வாங்க உபதேசியாரே. நிருபத்தில் ஏதாவது சந்தேகமா?"

"நிருபத்துல இல்ல சாமி. நான் ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

சாமி துண்டைக் கீழே வைத்தார்.

"அந்த மொதக் கலியாணத்துல பூச இல்ல. ஆசீர்வாதம் இல்ல. தாலி கட்டுனதோட சரி. அன்னத்தாய்க்கு அந்த ஆசீர்வாதம் இன்னும் பாக்கியிருக்கு."

"இதை எத்தனை பேரிடம் மாற்றிச் சொன்னீர்கள்? எத்தனை தரம்?"

"பொய் ஒரே தரந்தான் சாமி. மத்ததெல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது."

சாமிக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் சுவிசேஷப் புத்தகம் இருந்தது.

"இதில் கை வைத்துச் சத்தியமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்தப் பெண்ணுக்காக இப்போது புதுசாக ஒரு பொய் சொல்லவில்லை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வேன்?"

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஊருக்கெல்லாம் பொய் சொல்லாதே என்று பத்துக் கற்பனை சொல்லிக்கொடுத்த மனுஷர், கேள்வியைக் கேட்டுக்கொண்டு கை வைத்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்தபோது சாமிதான் முதலில் கண்ணைத் துடைத்தார், தூசி என்றார்.

"அப்படியானால் தடையில்லை. திங்கட்கிழமை முழுப் பூசை. வெள்ளைச் சேலை, முக்காடு, முடி எல்லாம் உண்டு. மாப்பிள்ளையின் தாயாருக்கு நானே சொல்லியனுப்புகிறேன்."

"நல்லது சாமி."

"ஆனால் விதவை தலையில் முக்காட்டைப் பார்த்துச் சனங்கள் இடறல்படக்கூடாது. நாளைக்கு மூன்றாவது ஓலை வாசிக்கும்போதே காரணத்தைச் சொல்லிவிடுவேன். முதல் கலியாணம் பூசை இல்லாமல் நடந்தது என்று."

உபதேசியார் வாசல் வழியே தம் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"உங்கள் வீட்டு அம்மாவுக்குத் தெரியாதா?" என்றார் சாமி மெதுவாக. "இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோயிலிலிருந்து திரும்பும் பாண்டியம்மாள் மாரியம்மாள் வாயால் அவர்கள் கேட்கக்கூடாது."

பாண்டியம்மாள் கோயிலுக்கு வருகிறவள் அல்ல என்று உபதேசியார் திருத்தவில்லை. வராவிட்டாலும் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும்.

*

விளக்கு வைக்கும் நேரம். மிக்கேலம்மாள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அன்னத்தாய் அடுப்படியில் இருந்தாள்.

"மிக்கேலம்மா."

கலியாணமான நாளிலிருந்து "ஏ புள்ள" என்றே கூப்பிட்டவர் பெயரைச் சொன்னதும் அவள் கை நின்றுபோனது.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல."

உபதேசியார் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நிருபம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தித்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"அங்கன கோயில் இல்ல. காச்சக் கொட்டகை. நாங்க போயி எறங்குன அன்னைக்குத்தான் அவனுக்குக் காச்சல் கண்டுச்சு. சாக்குக் கட்டில்ல கெடந்தான். சாமி மட்டக்குதிரையில நனைஞ்சுக்கிட்டு வந்தாக. அவுக அடுத்த மலைக்குப் போகணும், வெள்ளம் வருது. பூச வைக்க நேரமில்ல. சம்மதமான்னு கேட்டாக. சம்மதம்னான். தாலியக் கட்டச் சொன்னாக."

"கட்டுனானா?"

"கை நடுங்குச்சு. நான் பிடிச்சுக்கிட்டேன்."

"முடிச்சு?"

"முடிச்சு அவன் போட்டதுதான். கையத்தான் நான் பிடிச்சேன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழந்தா படியிடல."

"எந்திரிக்க முடியல."

"மெழுகுதிரி?"

"ஒரு அரிக்கேன் வெளக்கு."

"தொரை?"

"தொரை வரல. அவருக்கு நம்ம பய பேரே தெரியாது."

மெழுகுதிரி போனபோதும் மணி போனபோதும் அசையாதவள், இதற்கு மட்டும் திரும்பினாள். "பேருகூடவா?"

உபதேசியார் தலையை ஆட்டினார்.

"எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன்" என்றாள். கோபமாக இல்லை. தெருத்தெருவாக நினைத்துப் பார்ப்பதுபோலச் சொன்னாள். "பால்காரிகிட்ட. வைத்தியருகிட்ட. இன்னைக்குக் காலையில அந்தப் பாண்டியம்மாகிட்ட. எல்லாரும் கேட்டுக்கிட்டாக."

பிறகு, "அவளக் கூப்பிடுங்க" என்றாள்.

அன்னத்தாய் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி, இத்தன நாளா நான் சொல்லச் சொல்லப் பேசாமக் கேட்டுக்கிட்டு இருந்தியே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இல்ல அத்தேன்னு ஒனக்குச் சொல்லத் தோணலயா? ரோசாப்பூன்னியே."

"தோணல அத்தே."

"எம் மேல எரக்கமா?"

"இல்ல." அன்னத்தாய் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்றப்ப எனக்கும் அப்பிடித்தான் நடந்தாப்புல இருக்கும். நாளாக ஆக அந்தக் கொட்டக மறந்துபோச்சு அத்தே. நான் அவுகள நெனைக்கிறப்ப, அவுக முழந்தா படியிட்டுத்தான் இருக்காக."

அப்போதுதான் மிக்கேலம்மாள் அழுதாள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பு நோகாமல் அழத் தெரிந்தவள் அழுவதுபோல, உடம்பு அசையாமல் அழுதாள். உபதேசியார் எழுந்து போகவும் இல்லை, தொடவும் இல்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து அணைந்தது. யாரும் போகவில்லை.

முந்தானையை எடுத்தபோது அவள் குரல் சாதாரணமாக இருந்தது. புருஷனிடம் பேசவில்லை. மருமகளிடம் பேசினாள்.

"நாளைக்கு என்னயக் கட்டிலோட கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."

படுத்த நாளிலிருந்து நற்கருணை வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் கோயிலுக்கு வருகிறேன் என்று சொன்னதே இல்லை.

"எதுக்கு அத்தே?"

"ஓலை வாசிக்கையில சாமி கேப்பாகள்ல, இந்தக் கலியாணத்துக்குத் தடை உண்டும்னா எந்திரிச்சுச் சொல்லுங்கன்னு. கேக்கையில நான் அங்கன இருக்கணும்."

முப்பது வருஷமாக அந்தக் கேள்வி உபதேசியார் காதில் விழுந்திருக்கிறது. இருமலைத் தவிர வேறு பதில் வந்து அவர் கேட்டதில்லை.

அன்னத்தாய்தான் கேட்டாள். "தடை இருக்கா அத்தே?"

மிக்கேலம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"கட்டில் இந்த வாசல்ல நுழையாது" என்றாள். "காலக் கழட்டணும். அதுக்கு ஒரு ஆளப் பாருங்க."